பதினான்காம் விதிப்படி சகோதரன்

நட்பு தானாக வந்து சேரும் என்று நம்பி மனிதகுலம் பல்லாயிரம் ஆண்டுகள் ஏமாந்து கிடந்தது. அந்த இருளை அகற்றிய பெருமை அமெரிக்கக் கல்லூரிகளின் சகோதர சங்கங்களைச் சேரும். தாயின் வயிறு முன்பின் யோசிக்காமல் பெற்றுப்போடும் சகோதரன் தரக்குறைவானவன். குழு கூடி, திரையில் படம் போட்டுப் பார்த்து, வாக்கெடுத்துச் சேர்க்கும் சகோதரனே அசல் என்று உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர்கள் அவர்கள்தாம்.

இந்த உண்மை சுடர்விட்ட இடம், ஒஹாயோவில் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு கல்லூரியின் வடக்குத் தெருவில், நான்கு வெள்ளைத் தூண்களோடு நிற்கும் ஒரு வீடு. அங்கே குடியிருக்கும் சங்கத்தின் பெயரை இங்கே சொல்வதற்கில்லை. ரகசியம் என்பதால் அல்ல. பெயர் மூன்று கிரேக்க எழுத்துகளாகக் கூரைமேல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. வீட்டிலுள்ள சகோதரர்களில் அந்த மூன்றையும் பார்க்காமல் எழுதத் தெரிந்தவர்கள் ஆறு பேராவது இருப்பார்கள். அந்தச் சங்கத்துக்கு மிகச் சுறுசுறுப்பான வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார், அதுதான் காரணம்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் 'சகோதரர் சேர்க்கை வாரம்'. அந்த ஆண்டு இருபத்துநான்கு புதிய சகோதரர்களைச் சேர்க்க வேண்டும் என்று தலைமையகம் உத்தரவிட்டிருந்தது. ஒருவர் குறைந்தாலும் வீட்டைக் கல்லூரி எடுத்துக்கொண்டு மாணவர் மனநல மையம் வைத்துவிடும். புதன்கிழமை நண்பகல் நிலவரப்படி ஆர்வம் தெரிவித்தவர்கள் பதினேழு பேர். வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு வீடு மனநலத்துக்குப் பலியாகும் ஆபத்து ஏழே ஆள் தூரத்தில் நின்றது.

குறைவுக்குக் காரணம், போன நவம்பரில் நடந்த 'அந்த நிகழ்ச்சி'.

அந்த நிகழ்ச்சியில் கிளேட்டன் டோர்சி என்ற பத்தொன்பது வயதுப் பையன் அந்த வீட்டின் அடித்தளத்தில் ஒரு பாட்டில் விஸ்கிக்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. சம்பவம் வருந்தத்தக்கதே. ஆனால் அதை எதிர்கொண்ட விதத்தில்தான் சகோதரத்துவம் தன் உயரத்தைக் காட்டியது. வீட்டிலிருந்த நாற்பத்தோரு பேரையும் போலீஸ் தனித்தனி அறையில் வைத்து விசாரித்தது. நாற்பத்தோரு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "கிளேட்டன் டோர்சி எங்கள் சங்கத்தில் எந்த நிலையிலும் உறுப்பினர் அல்லர், அன்று தற்செயலாக வந்திருந்த ஒரு விருந்தினர்." காற்புள்ளி விழும் இடத்தில் நாற்பத்தோரு பேரும் மூச்சு விட்டார்கள். கணக்குப் பாடத்தில் இத்தனை ஒற்றுமை காட்டியிருந்தால் அத்தனை பேரும் தங்கப்பதக்கம் வாங்கியிருப்பார்கள்.

கல்லூரி சும்மா விடவில்லை. தீவிரமாக விசாரித்து, விருந்தினர் பதிவேடு ஒழுங்காக வைக்காத குற்றம் நிரூபணமானதால், உடனே ஒரு பதிவேடு வைக்கும்படி தண்டனை விதித்தது.

இப்போது வாசலில் தோல் அட்டை போட்ட பதிவேடு இருந்தது. அதோடு சங்கிலியில் கட்டிய பேனாவும் இருந்தது. புதன்கிழமை மூன்று மணிக்கு, அந்தப் பேனாவை எடுத்து 'வெஸ்லி டோர்சி' என்று ஒரு பையன் கையெழுத்துப் போட்டான். வீட்டில் கிளே என்று அழைக்கப்பட்ட கிளேட்டனின் தம்பி. தாயின் வயிறு யோசிக்காமல் கொடுத்த, அந்தத் தரக்குறைந்த ரகம்.

வெஸ் அந்தக் கல்லூரிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சகோதரர்கள் தேவை என்று அவன் வரவில்லை. இருந்த ஒருவனே போதுமானவனாக இருந்தான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு துண்டுக் காகிதம்.

அவன் அம்மா லொரெய்ன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். பின் இருக்கையில் எவன் எவனைக் கிள்ளுகிறான் என்பதை பின்பார்வைக் கண்ணாடியிலேயே கண்டுபிடித்து இருபது ஆண்டு பழகியவள். மருத்துவமனையிலிருந்து கிளேயின் உடுப்பைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தபோது, சட்டையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இடது மார்பில், ஊசி குத்திய மாதிரி இரண்டு சின்ன ஓட்டைகள். சங்கத்தில் சேர முயல்கிறவர்கள், அதாவது 'புகுமுகச் சகோதரர்கள்', குளியலறை தவிர எங்கும் கழற்றக் கூடாத ஒரு பித்தளை வில்லை உண்டு. அதன் பின்பக்கம் இரண்டு ஊசி.

"விருந்தாளிக்கு எதுக்குடா ரெண்டு ஓட்டை?" என்றாள்.

அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு மாணவர் நலன் டீன், திருமதி மார்குவார்ட்டிடம் போனாள். டீன் அன்பானவர். தன் கையாலேயே டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார். பிறகு, ஓட்டைகள் எழுத்துபூர்வமான ஆதாரம் ஆகா என்றார். அவன் புகுமுகமாக இருந்தான் என்று அந்த வீட்டார் எழுதிய ஏதாவது ஒரு தாள், ஒரே ஒரு தாள், கொண்டுவந்தால் அன்றைக்கே விசாரணையை மறுபடி திறப்பதாகச் சொன்னார். நாற்பத்தோரு சகோதரர்கள் எழுதாத தாளை ஒரு பேருந்து ஓட்டுநர் எங்கே போய்த் தேடுவது என்று அவர் சொல்லவில்லை. அது அவர் துறை இல்லை.

"நீ அங்க போய் எதையும் திருடிட்டு வராதே," என்று அம்மா வெஸ்ஸிடம் சொல்லியிருந்தாள். "சண்டை போடாதே. எவனாவது ஒருத்தன் வாயால, 'ஆமா, அவன் எங்க ஆளுதான்'னு சொல்றானான்னு மட்டும் கேட்டுட்டு வா. எனக்கு அது போதும்."

புல்வெளியில் ஒரே மாதிரி நீலச்சட்டை போட்ட சகோதரர்கள் எலுமிச்சைச்சாறும் ஹாட்டாக் ரொட்டியுமாக விருந்தோம்பிக்கொண்டிருந்தார்கள். சேர்க்கை வாரத்தில் அந்த வீட்டில் மது கிடையாது. அது சேர்ந்த பிறகுதான்.

சேர்க்கைக் கலையின் சிகரம் 'தோள்தட்டு முறை'. வந்தவனோடு ஒரு சகோதரன் மூன்று நிமிடம் பேசுவான். பேச்சு தீருவதற்குள் இன்னொருவன் வந்து முதலாமவன் தோளைத் தட்டுவான். முதலாமவன், "இவனை நீ கட்டாயம் சந்திக்கணும் சகோ," என்று பையனைக் கைமாற்றிவிட்டு நகர்வான். பேச்சு நீண்டு, ஒருவரையொருவர் உண்மையிலேயே தெரிந்துகொண்டுவிடும் ஆபத்து இதனால் அறவே தவிர்க்கப்படுகிறது.

"எந்த ஊரு சகோ?" என்று முதலாமவன் வெஸ்ஸின் கையைக் குலுக்கினான்.

"லைமா பக்கத்துல."

"செம ஊரு. என்ன படிக்கப்போறே?"

"இன்னும் முடிவு பண்ணல."

"செம. அதான் இருக்கறதுலயே பெஸ்ட்டு. உன் பேரு..." அவன் கண் வெஸ்ஸின் நெஞ்சில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டில் விழுந்தது. சிரிப்பு அப்படியே நின்றது; கழற்றி வைக்க இடம் தெரியாமல் முகத்திலேயே வைத்திருந்தான். யாராவது தோளைத் தட்டுவார்கள் என்று இரண்டு பக்கமும் பார்த்தான். யாரும் இல்லை. கடைசியில் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டு, "இதோ கூப்பிடறாங்க சகோ," என்று போய்விட்டான்.

அடுத்தவன் ஒரு நிமிடம் தாங்கினான். அதற்கடுத்தவன் இருபது நொடி. ஒன்பது நிமிடத்தில் பதினான்கு சகோதரர்கள் வெஸ்ஸைக் கைமாற்றினார்கள். அந்தப் புல்வெளியில் அது ஒரு சாதனை. கடைசியாக அவன் கைமாறியது சங்கத்தின் நாயிடம். ஜெனரல் என்று பெயர். சுருங்கிய முகமும் எச்சிலுமாக இருந்தது. அது மட்டும் ஓடவில்லை.

நாய்க்குப் பின்னால் வெஸ் வீட்டுக்குள் போனான். நடையில் ஆண்டுவாரியாகச் சகோதரர்களின் படங்கள் மாட்டியிருந்தன. ஒவ்வொரு முகமும் முட்டை வடிவச் சட்டத்துக்குள் இருந்தது. போன ஆண்டுப் படத்தின் கீழ் வரிசை புகுமுகங்களுக்குரியது. அதில் மூன்றாவது முட்டைக்குள், பிறகு ஒட்டியது தெரியும்படி, கழுத்தில் டை கட்டி, ஜெனரல் உட்கார்ந்திருந்தது.

"நாய் எந்த வருஷம் சேர்ந்துச்சு?" என்று அவன் கேட்டான். பின்னால் யாரோ வந்து நின்றிருந்தார்கள்.

"போன வருஷம்," என்றான் வந்தவன். மெலிந்த, செம்பட்டைமுடிப் பையன். "முறைப்படி சேர்த்துக்கிட்டோம். வாக்கெடுப்பு நடந்துச்சு. எதிர்த்தவங்க யாருமில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீ கிளே தம்பிதானே. நான் டக்கர். சேர்க்கைப் பொறுப்பு என்னோடதுதான்."

பதினான்கு பேரைத் தாண்டி வந்த பிறகு, அந்தப் பெயரைச் சொன்ன முதல் ஆள்.

"அவனைத் தெரியுமா?" என்றான் வெஸ்.

டக்கர் நடையின் இரண்டு முனைகளையும் பார்த்தான். "இங்க விருந்தாளியா வந்தப்போ பார்த்திருக்கேன்."

"எத்தனை தடவை வந்தான்?"

"தினம் வருவான்."

"எத்தனை நாளா?"

"ஒரு... பதினோரு வாரம்."

"பதினோரு வாரம் தினமும் வந்த விருந்தாளியா?"

"நாங்க உபசரிப்புக்குப் பேர் போனவங்க சகோ," என்றான் டக்கர். சொன்ன உடனே காது சிவந்து, தரையைப் பார்த்தான். அந்தத் தரை மிகவும் சுத்தமாக இருந்தது. போன ஆண்டு அதைத் துடைத்தவர்களில் இவனும் ஒருவன். வாளியின் மறுபக்கம் கிளே இருந்தான்.

மறுநாள் காலை சங்கத் தலைவர் வெஸ்ஸை அழைத்தார். தலைவர் பிரெஸ்டன் ஹால்வர்சன், வயது இருபத்தொன்று, மக்கள் தொடர்புத் துறை மாணவர். இரவெல்லாம் சிந்தித்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஊரில் ஒவ்வொரு தாயும் 'அந்த வீடா?' என்று தயங்குகிறாள். அந்த வீட்டிலேயே, அந்தப் பையனின் சொந்தத் தம்பியே வந்து சேர்ந்துவிட்டால், எந்தத் தாய் தயங்க முடியும்? ஒரே ஆள், ஏழு ஆளை இழுத்து வருவான். இப்படி ஒரு பார்வை இருபத்தொரு வயதில் வாய்ப்பது அரிது. சிலருக்கு ஐம்பது வயதில், அமைச்சரான பிறகுதான் வாய்க்கும்.

"உன்கிட்ட ஒரு இது இருக்கு தம்பி," என்றார் பிரெஸ்டன். "பார்த்த உடனே தெரிஞ்சுது."

"என்ன இது?"

"குணம். நீ எங்களுக்கு வேணும். ஞாயிற்றுக்கிழமை அழைப்பு உறை கொடுக்கறதுல முதல் உறை உனக்குத்தான்."

"முதல் உறை வாரிசுக்குத்தானே கொடுப்பாங்க? அண்ணனோ அப்பாவோ இங்க சகோதரனா இருந்திருக்கணும்னு நீங்க கொடுத்த சீட்டுல போட்டிருக்கு. நான் வாரிசா?"

பிரெஸ்டன் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். "அது வந்து, உணர்வு ரீதியா பார்த்தா—"

"உங்க நாய் உங்களுக்கு சகோதரன். எங்கண்ணன் விருந்தாளி. நான் இங்க சேர்ந்தா அந்த நாய்தான் எனக்கு அண்ணன் முறை." வெஸ் எழுந்துவிட்டான். குரல் உயரவில்லை, அம்மா சண்டை போடாதே என்றிருந்தாள். "கிளே உங்க ஆளுதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மீதியைப் பேசலாம். இல்லேன்னா எதிர்வீட்டுச் சங்கத்துக்குப் போறேன். அங்கயும் எனக்கு யாரையும் தெரியாது, அங்க நாயும் இல்ல."

சாதாரணத் தலைவர் என்றால் அங்கேயே தோற்றிருப்பார். பிரெஸ்டனுக்கு ஒளி பிறந்தது. அன்று பகலுணவு முடிந்ததும் இருபத்தாறு சகோதரர்களையும் கதவைச் சாத்தி உட்காரவைத்தார். பட்டம் வாங்கிப் போனவர்கள் போக மிஞ்சியவர்கள் அவ்வளவுதான். அங்கே நடந்ததைப் பிறகு டக்கர் சொல்லித்தான் வெஸ்ஸுக்குத் தெரியும்.

சங்கத்துக்கு ஒரு புத்தகம் உண்டு. கறுப்புத் துணி அட்டை போட்ட சடங்குப் புத்தகம். அதைத் தொடும் உரிமை 'புத்தகக் காவலர்' ஒருவருக்கே. அந்த ஆண்டு காவலர் ஓரின் பெக் என்ற கண்ணாடி போட்ட பையன். வாழ்க்கையில் வேறெதிலும் உறுதியில்லாதவன். புத்தகத்தில் மட்டும் மலைபோல் நிற்பான். அவன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பதினான்காம் விதியைப் படித்தான்: புகுமுகமாக இருக்கும் காலத்தில் ஒருவன் இறந்துபோனால், மீதமுள்ள சகோதரர்கள் விரும்பினால், அவனை மறைவுக்குப்பின் முழுச் சகோதரனாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவன் புகுமுகக் காலத்தின் முழு விவரத்தையும் புத்தகத்தில் எழுதி, மூன்று சாட்சி கையெழுத்திட்டு, மெழுகு முத்திரை வைத்து, அதே விவரத்தைத் தாளில் எழுதி அவன் தாயாரிடம் ஒப்படைக்க வேண்டும்.

"அருமை," என்றார் பிரெஸ்டன். "கிளே சகோதரன் ஆயிடுவான். வெஸ் வாரிசாயிடுவான். அம்மா வருவாங்க. ஒரு போட்டோ எடுப்போம்."

பின்வரிசையிலிருந்து ஒருவன் கையைத் தூக்கினான். "ஆனா அவன் புகுமுகம் இல்லன்னுதானே நாம சொன்னோம்?"

"யார்கிட்ட சொன்னோம்?" என்றான் ஓரின்.

"போலீஸ்கிட்ட. டீன்கிட்ட. அவங்கம்மாகிட்ட."

"புத்தகத்துகிட்ட சொன்னோமா?"

புத்தகத்திடம் சொல்லவில்லைதான்.

"வெளியில என்ன வேணா பேசுங்க," என்றான் ஓரின். "நூத்தி முப்பது வருஷமா இதுல ஒரு பொய் எழுதல. என் காலத்துலயும் எழுத விடமாட்டேன். எழுதறதுன்னா உள்ளதை எழுதணும். இல்லேன்னா மூடி வச்சுடறேன்."

இங்கேதான் சாமானிய மனிதனுக்கும் சகோதரனுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. சாமானியன் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்லி வீணாக்குவான். சகோதரன் அப்படியல்ல, போலீஸ், கல்லூரி, பெற்ற தாய் முதலிய சில்லறை இடங்களிலேயே எல்லாப் பொய்யையும் முடித்துவிட்டு, புத்தகத்துக்கு முன் சுத்தமாக வந்து நிற்பான்.

வழக்கறிஞரைக் கேட்கலாமா என்று ஒருவன் இழுத்தான். சங்கத்தின் ஆலோசகர் வான் ஹார்ன் அந்த வீட்டிலேயே இருந்து படித்த பழைய சகோதரர். அந்த நாற்பத்தோரு வாயின் ஒற்றை வாக்கியத்தை இயற்றிய ஆசிரியரும் அவரே. ஆனால் சடங்குப் புத்தகத்தை வீட்டில் குடியிருப்பவர் தவிர வேறெவரும் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது என்று ஓரின் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவரையும் விருந்துக்கு அழைத்து மகிழ்ச்சியூட்டலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர் யாருமில்லை.

சனிக்கிழமை முழுக்க எழுதினார்கள். ஓரின் கேட்கக் கேட்க, மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு டக்கர் சொன்னான். அன்று மாலை நூலக வாசலில் வெஸ்ஸைப் பார்த்தபோது டக்கரின் விரலெல்லாம் மை.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றான். "ஒரு வருஷமா தொண்டையில நின்னுக்கிட்டிருந்துச்சு. அந்த வில்லையை அவன் சட்டையிலேர்ந்து கழட்டினது நான்தான் வெஸ். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடி கழட்டுடான்னாங்க. அதையும் சொன்னேன். ஓரின் அதையும் எழுதிக்கிட்டான்."

வெஸ்ஸுக்கு அவனை அடிக்கத் தோன்றியது. கையை ஜேபியில் வைத்துக்கொண்டான். "எழுதினானா?" என்றான். "எழுத்துலயா?"

"நல்ல கையெழுத்து அவனுக்கு," என்றான் டக்கர்.

அதன் பிறகு வெஸ் செய்தது ஒன்றுதான். அம்மாவுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குப் பெரிய கைப்பையாக எடுத்துக்கொண்டு வரும்படி சொன்னான்.

லொரெய்ன் தேவாலயத்துக்குப் போகும் உடையில் வந்தாள். வாசலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். சடங்கு ரகசியமானது என்பதால் அவளையும் வெஸ்ஸையும் வெளிக்கூடத்தில் சோபாவில் உட்காரவைத்து, ஒரு தட்டில் பிஸ்கட்டும் சிவப்புப் பழச்சாறும் வைத்துவிட்டு, இருபத்தாறு பேரும் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். ரகசியம் கதவு இடுக்கில் நன்றாகவே கேட்டது. கொஞ்சம் லத்தீன். எதுவோ மணியடித்தது. யாரோ அங்கியை மிதித்து விழுந்தான். பிறகு ஓரின் பெயர்ப்பட்டியல் வாசித்தான். ஒவ்வொருவனும் "இருக்கிறேன்" என்றான்.

"கிளேட்டன் டோர்சி," என்றது குரல்.

இருபத்தாறு பேரும் சேர்ந்து சொன்னார்கள்: "இருக்கிறான்."

லொரெய்ன் பிஸ்கட்டைத் தட்டில் திருப்பி வைத்தாள்.

"இருக்கானாமே," என்றாள். "வரச்சொல்லு. வீட்டுக்குப் போலாம்."

அவள் கைக்குட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. பிரெஸ்டன் முன்னால் வந்து தாளை இரண்டு கையாலும் நீட்டினார். தடித்த தாள், கீழே சிவப்பு மெழுகு. வரவழைத்திருந்த புகைப்படக்காரனுக்கு வெளிச்சம் விழும்படி பிரெஸ்டன் கொஞ்சம் திரும்பி நின்றார். லொரெய்ன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே படித்தாள். அவள் சத்தம்போட்டுப் படிக்கும் வழக்கமுள்ளவள்.

"'சகோதரன் கிளேட்டன் ஜேம்ஸ் டோர்சி. புகுமுகமாக ஏற்கப்பட்டது செப்டம்பர் ஆறாம் தேதி. பணிக்காலம் பதினொரு வாரம். நிறைவேற்றிய கடமைகள்: தரை துடைத்தல். சகோதரர்களின் துணி துவைத்தல். மூன்று நாள் உறங்காதிருத்தல். குளிர்ந்த நீரில் நிற்றல், நான்கு முறை. கடைசிக் கடமை: பெரியண்ணனாக நியமிக்கப்பட்டவர் அளித்த ஒரு பாட்டிலைச் சகோதரர்கள் முன்னிலையில் ஒரே அமர்வில் முடித்தல். உதவி கோரப்பட்ட நேரம்: மயங்கி இரண்டரை மணி நேரத்துக்குப் பின். அதற்கு முன் செய்யப்பட்டவை: வில்லை அகற்றல், அடித்தளம் கழுவுதல். நிலுவையிலுள்ள கடமை: ஏதுமில்லை. மதிப்பீடு: நிறைவு.'"

சகோதரர்கள் தலைகுனிந்து நின்றார்கள். ஒருவன் மூக்கை உறிஞ்சினான். உண்மையிலேயே உருக்கமான தருணம் அது. தாங்கள் எவ்வளவு உயர்ந்தவர்கள் என்பதைக் கேட்டு அவர்களுக்கே கண் கலங்கியது.

அப்போதுதான் வழக்கறிஞர் வான் ஹார்ன் கோல்ஃப் விளையாட்டை முடித்துக்கொண்டு, வெள்ளைத் தொப்பியும் புன்னகையுமாக உள்ளே வந்தார். 'அடித்தளம் கழுவுதல்' என்ற இடத்தில் வந்தார். 'மதிப்பீடு: நிறைவு' என்ற இடத்தில் தொப்பியைக் கழற்றினார்.

"யாரு எழுதினது இது?"

"நான்தான் சார்," என்றான் ஓரின் பெருமையாக. "ஒரு அடித்தல்கூட இல்ல."

"போன வருஷம் அவன் விருந்தாளிடா."

"அது டீன்கிட்ட சொன்னது சார்," என்றார் பிரெஸ்டன் பொறுமையாக. "இது புத்தகம்."

வான் ஹார்ன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு லொரெய்ன் பக்கம் திரும்பிப் புன்னகையை மறுபடி மாட்டிக்கொண்டார். "அம்மா, இது ஒரு மாதிரிப் பிரதிதான். கொடுங்க, நல்லா சட்டம் போட்டு வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன்."

"என் பையன் பேரு எழுதியிருக்கு," என்றாள் லொரெய்ன். "சட்டம் நான் போட்டுக்கறேன்."

"சங்கத்தோட சொத்து அது."

"இல்ல சார்," என்றான் ஓரின். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "பதினாலாம் விதி. தாயார்கிட்ட ஒப்படைச்சுட்டா திரும்ப வாங்கக்கூடாது. வாங்கினா சேர்த்ததே செல்லாது சார்."

"செல்லாமப் போகட்டும்டா, மடையா."

இருபத்தாறு அங்கிகளும் அதிர்ந்துபோய் அவரைப் பார்த்தன. ஒரு சகோதரனைச் சேர்த்த அன்றைக்கே வெளியே தள்ளச் சொல்கிறார், அவன் தாயார் எதிரிலேயே. இப்படிப்பட்ட கல்நெஞ்சை அந்த வீடு அதுவரை கண்டதில்லை. டக்கர் மெல்ல நடந்துபோய் லொரெய்னுக்கும் வழக்கறிஞருக்கும் நடுவில் நின்றுகொண்டான். லொரெய்ன் தாளை இரண்டாக மடிக்காமல், வளைத்து, கைப்பைக்குள் வைத்துச் சாத்தினாள். டக்கரின் மை படிந்த விரல்களை ஒருமுறை பார்த்தாள்.

"நீதான் அவன்கூட தரை துடைச்ச பையனா?"

"ஆமாம்மா."

"போலீஸ் கேட்டா இதையே சொல்லுவியா?"

டக்கர் அழுதுகொண்டே தலையாட்டினான்.

"வாயைத் திறந்து சொல்லு."

"சொல்லுவேம்மா."

பிரெஸ்டன் மட்டும் நிகழ்ச்சி நிரலை மறக்கவில்லை. தங்க எழுத்து அச்சடித்த உறையை வெஸ்ஸின் கையில் வைத்து, "வாரிசுக்கு முதல் உறை," என்றார். "நாளைக்குப் பத்து மணிக்குள்ள சம்மதம் சொன்னாப் போதும்."

"பத்து மணிக்கு வேற வேலை இருக்கு," என்றான் வெஸ்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு டீன் மார்குவார்ட் அந்தத் தாளை மேசையில் விரித்து, முதலில் ஒருமுறை, பிறகு விரலை வைத்துக்கொண்டு ஒருமுறை படித்தார். மெழுகைத் தொட்டுப் பார்த்தார். சாட்சிக் கையெழுத்து மூன்றையும் உரக்க வாசித்தார். பிறகு டிஷ்யூ பெட்டியை நகர்த்த மறந்துபோய், தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எண்ணை அழுத்துவதற்கு முன் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல," என்றார். "நாற்பத்தோரு பேர் என் எதிர்ல நின்னு அவன் யாரோ ஒரு விருந்தாளின்னு சொன்னாங்க. ஒரு வருஷம் கழிச்சு, யாருமே கேக்காம, அவன் எங்க சகோதரன்னு அவங்களே முத்திரை வச்சுக் கொடுத்திருக்காங்க. நடுவுல என்ன ஆச்சு?"

லொரெய்ன் மகனைப் பார்த்தாள்.

"அவன் சாகும்போது அங்க இடம் நிறைஞ்சிருந்துச்சு மேடம்," என்றான் வெஸ். "இந்த வருஷம் ஏழு காலி."